மாமனாருக்கு ஓர் எலி அட்டவணை

பாட்டிலில் பாதிதான் இருந்தது.

தேவநாதன் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். இரண்டாம் முறை திறந்தால் குறைந்த பாதி திரும்பி வந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. வரவில்லை. நேற்று சாயங்காலம் கழுத்து வரை இருந்த கரும்பச்சைத் தண்ணீர், இன்று காலை ஆறரை மணிக்கு இடுப்புக்கு இறங்கியிருந்தது. அவனுக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது.

அது குடிக்கிற தண்ணீர் இல்லை. பிச்சாவரத்துச் சேற்றில் இறங்கிப் பறித்து வந்த தில்லை மரத்து இலையை நிழலில் உலர்த்தி, அரைத்து, காய்ச்சி, வடித்து எடுத்த சாரம். சர்க்கரை நோய்க்கு அதில் மருந்து இருக்கிறதா என்று சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேவநாதனுக்கு அங்கே லேப் உதவியாளர் வேலை. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பது அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். அதனால் அந்தச் சாரத்தை இதுவரை மனிதர் யாருக்கும் கொடுத்ததில்லை. எலிகளுக்குத்தான், அதுவும் சொட்டுக் கணக்கில்.

அது கடலூர் மஞ்சக்குப்பத்தில் தேவநாதன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது நேற்று. மதியம் லேப் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. பேராசிரியை அமராவதி சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "ஒரு ராத்திரிதானே தேவநாதன், உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சி நாளைக்குக் கொண்டாங்க. லேபிள் ஒட்டாம மட்டும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடி பாட்டில் பஸ்ஸில் உடைந்துவிடும் என்று தேவநாதன் அதை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டான். லேபிள் ஒட்டினால் மனைவி வினோதினி பார்த்துவிட்டு வீட்டை இரண்டாக்குவாள் என்று, லேபிளைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டான். வினோதினி தோழியின் வளைகாப்புக்குக் குறிஞ்சிப்பாடி போயிருக்கிறாள், இன்று சாயங்காலம்தான் வருவாள் என்பது அவன் ஞாபகத்துக்கு வரவே இல்லை. பெண்டாட்டி பயம் பழகிப்போனவனுக்கு அவள் ஊரில் இருக்கிறாளா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை.

போகும்போது அவள், புவனகிரியிலிருந்து தன் அப்பா சடையப்பனை வரவழைத்து வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஓட்டலில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று. மாப்பிள்ளையிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு சக்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. பத்திரமா பாத்துக்கங்க. அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா நான் மனுஷியா இருக்க மாட்டன்."

ஆக, வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவன் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. மற்றவர் அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றான் தேவநாதன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஃப்ரிட்ஜுல பச்சையா ஒரு பாட்டிலு..."

"ஆமாம் மாப்ள, நான்தான் பாதி எடுத்தன்" என்றார் சடையப்பன் சந்தோஷமாக. "ராத்திரி எட்டு மணி இருக்கும். தூதுவளைதான? பாப்பா அரைச்சி வச்சிட்டுப் போயிருக்கும்னு நெனச்சன். ஏன், வேற ஏதாச்சுமா?"

தேவநாதனுக்கு நின்ற இடத்திலேயே தரை இறங்கியது. உண்மையைச் சொன்னால் பிரஷர்காரருக்கு அந்த நிமிஷமே ஏதாவது ஆகிவிடும். சாரம் கொல்வதற்கு முன்னால் சேதி கொன்றுவிடும்.

"ஒண்ணுமில்ல மாமா. தூதுவளைதான். உடம்புக்கு ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினான்.

அமராவதி மேடம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். நம்ம தில்லைச் சாரத்தை வாயால குடிச்சிட்டா என்னா ஆவும்?"

"யாரு குடிச்சது?"

"எலி மேடம்."

"எலி சிதம்பரத்துல இருக்கு. சாரம் உங்க வீட்டுல இருக்கு. எப்படிக் குடிக்கும்?"

"எங்க வீட்டு எலி மேடம். மூடியைக் கடிச்சிட்டு..."

"எவ்வளோ?"

"அரை லிட்டர்."

"அது எலியா, பெருச்சாளியா?"

"கொஞ்சம் பெரிய எலி மேடம். ஒரு எழுபது கிலோ... கிராம்."

"எப்பக் குடிச்சது?"

"ராத்திரி எட்டு மணிக்கு."

"இன்னும் உயிரோட இருக்கா? இப்ப என்ன பண்ணுது?"

"இட்லி ஊத்துது... ஊத்தி வச்ச இட்லியைத் திங்குது மேடம்."

தேவநாதன் பயந்ததற்கு மாறாக, மேடத்துக்குக் கோபம் வரவில்லை. உற்சாகம் வந்துவிட்டது. அதுதான் இன்னும் மோசம்.

"தேவநாதன், இவ்வளோ பெரிய டோஸ் இதுவரைக்கும் யாரும் குடுத்துப் பாத்ததில்ல. நம்ம எலிங்க பத்து சொட்டுக்கே தாங்கல. அஞ்சுல ரெண்டு செத்துப்போச்சி, ஒண்ணுக்குக் கண்ணு போச்சி. இருபத்திநாலு மணி நேரம் தாண்டினாத்தான் பிழைக்கும். அட்டவணை பேப்பரு பையில இருக்கில்ல? அரை மணிக்கு ஒரு தரம் எழுதுங்க. கை கால் நடுக்கம், தீனி எடுக்காம இருக்கறது, மூலையில போய் ஒதுங்கறது. மூணும் ஒண்ணா வந்துச்சின்னா முடிஞ்சிச்சின்னு அர்த்தம். நான் மத்தியானம் கிளம்பி வந்துடறன்."

"வந்து காப்பாத்திடுவீங்களா மேடம்?"

"காப்பாத்தறதா? அறுத்து ஈரலைப் பாக்கணும். செத்துச்சின்னா ஐஸ்ல போட்டு வைங்க."

போன் கட்டானது. தேவநாதன் திரும்பினான். தோட்டத்துக் கதவருகே சடையப்பன் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. கையில் இருந்த காப்பி டம்ளர் கடகடவென்று ஆடியது. காப்பி வேட்டியெல்லாம் சிந்தியிருந்தது.

கை நடுக்கம். முதல் அறிகுறி.

"மாப்ள" என்றார் சடையப்பன் குரல் கம்ம. "அந்தப் பச்சைத் தண்ணி..."

"அதைப் பத்தி நெனைக்காதீங்க மாமா!"

"இல்ல மாப்ள, ஒரு விஷயம் சொல்லணும். நேத்து ராத்திரி நான்..."

"பேசாதீங்க மாமா. பேசினா தெம்பு போயிடும். வந்து உக்காருங்க."

தோளைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தான். சடையப்பன் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மூலையில் போட்டு, அங்கிருந்து தேவநாதனையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூலையில் ஒதுங்குதல். இரண்டாவது.

தேவநாதன் பையிலிருந்து அட்டவணைத் தாளை எடுத்தான். லேப் பழக்கம் சும்மா விடவில்லை. மேலே இருந்த கட்டங்களை முதலில் நிரப்பினால்தான் கீழே கை போகும். எலி எண் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினான். பாலினம், ஆண். எடை, எழுபது கிலோ சுமாராக. மயிர் சிலிர்த்தல் என்ற கட்டத்துக்கு வந்தபோது மாமாவின் தலையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கோடு போட்டான். அங்கே சிலிர்ப்பதற்கு எதுவும் இல்லை. வால் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினான். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பயத்தில் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது என்று துடைத்துக்கொண்டான்.

கண்! மேடம் ஒரு எலிக்குக் கண் போனது என்றாரே!

"மாமா, இங்க பாருங்க." இரண்டு விரலை நீட்டினான். "இது எத்தினி?"

"ரெண்டு" என்றார் சடையப்பன். பிறகு சட்டென்று தன் கையை நீட்டினார். "மாப்ள, இது எத்தினி?"

எதிரே இருப்பவன் செய்வதை அப்படியே திருப்பிச் செய்கிறார். மூளைக்கு ஏறிவிட்டதா? அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. பேனாவால் கோடு இழுத்து, 'எதிரில் இருப்பவரைப் போலவே செய்தல்' என்று ஒரு கட்டம் சேர்த்தான்.

"எத்தினின்னு சொல்லுங்க மாப்ள" என்று கெஞ்சினார் சடையப்பன்.

"நாலு மாமா."

சடையப்பன் நீட்டியிருந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

மணி எட்டரை ஆனது. இட்லி ஆறிப்போனது. சடையப்பன் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க மாமா. ஒரே ஒரு இட்லி. எனக்காவ."

"எனக்கு எறங்காது மாப்ள. நீங்க சாப்பிடுங்க."

"எனக்கும் எறங்கல மாமா."

அதைக் கேட்டதும் சடையப்பன் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தீனி எடுக்காமை. மூன்றாவது. தேவநாதன் எழுதவில்லை. எழுதினால் மூன்றும் ஒன்றாக வந்ததாகிவிடும். எழுதாமல் விட்டால் வரவில்லை என்று ஒரு கணக்கு. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஏதாவது செய்தாக வேண்டும் என்று எழுந்தான்.

முதலில் தோன்றியது தண்ணீர். நிறையக் குடித்தால் விஷம் நீர்த்துப் போகும். ஒரு குடத்துத் தண்ணீரையும் ஒரு சொம்பையும் கொண்டுவந்து வைத்தான்.

"மாமா, இதைக் குடிங்க. வெயில் காலம்."

"மழைக் காலம் மாப்ள."

"மழைக் காலத்துலதான் ஜாஸ்தி குடிக்கணும்."

சடையப்பன் சொம்பை வாங்கிக் குடிக்காமல் அவனிடமே நீட்டினார். "நீங்க ஒரு சொம்பு, நான் ஒரு சொம்பு. நீங்க குடிக்கலன்னா நானும் குடிக்க மாட்டன்."

வேறு வழியில்லை. ஆளுக்கு ஒரு சொம்பாகக் குடத்தைக் காலி செய்தார்கள். வீட்டில் இருந்தது ஒரே கழிப்பறை. அடுத்த ஒரு மணி நேரம் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருந்தவரைப் பார்த்து வெளியே இருந்தவர் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தேவநாதன் கேட்டது பயத்தில். சடையப்பன் எதற்காகக் கேட்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. அதையும் ஒரு கட்டத்தில் எழுதினான்.

அடுத்து கரி. விஷம் தின்ற எலிக்கு லேப்பில் கரித் தூள் கொடுத்ததை ஒரு தடவை பார்த்திருக்கிறான். எலி பிழைத்ததா என்று அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்ளவும் அவன் விரும்பவில்லை. தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் பட்டம்மாளிடம் ஓடினான்.

"அக்கா, ரெண்டு கைப்பிடி கரி குடுங்க."

"கரியா? எதுக்கு சார், பல்லு வெளக்கவா?"

"வயித்துக்கு."

பட்டம்மாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னா சார், இப்பிடி வேர்த்து ஊத்துது? மழையில நனைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, ஓடி வந்தன்" என்று கரியை வாங்கிக்கொண்டு திரும்பினான். நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது.

கரியை அம்மியில் நுணுக்கி, வாழைப்பழத்தில் பிசைந்து கொண்டுபோய் வைத்தான். சடையப்பன் அதை முகர்ந்து பார்த்தார்.

"இது எதுக்கு மாப்ள?"

"வயித்துல இருக்கற விஷத்தை... கெட்ட காத்தை இழுத்துடும் மாமா."

சடையப்பனின் முகம் அன்று காலையிலிருந்து முதல் முறையாகத் தெளிந்தது. "இழுத்துடுமா? நெசமாவா? அப்ப நீங்க ஜாஸ்தி சாப்பிடுங்க மாப்ள. எனக்கு ஓரமா துளி போதும்."

"ஐயோ, உங்களுக்குத்தான் மாமா!"

"நீங்க தின்னாத்தான் நான் தின்னுவன்."

பெரியவரைத் தின்னவைக்க வேண்டுமே என்று தேவநாதன் ஒரு வாய் தின்றான். சடையப்பன் ஒரு விரல் நக்கினார். தேவநாதன் இன்னொரு வாய். அவர் இன்னொரு விரல். இப்படிக் கிண்ணத்தில் முக்கால்வாசி தேவநாதன் வயிற்றுக்குள் போய்விட்டது. கண்ணாடியில் தன் கறுத்த வாயைப் பார்த்தபோது, தான்தான் செத்துப்போய் எழுந்து வந்த மாதிரி இருந்தது. சலவைத் துணியைக் கொடுக்க வந்த பட்டம்மாள், வாசலில் கரி பூசிய இரண்டு வாய்களைப் பார்த்து, துணியைப் படியில் போட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு மேடம் கூப்பிட்டார்.

"எலி என்ன ஆச்சி?"

"இன்னும் இருக்கு மேடம்."

"இருக்கா? இவ்வளோ டோஸுக்கு இந்நேரம் போயிருக்கணுமே. ஒரு வேளை அது எல்லாத்தையும் குடிக்கலையோ என்னவோ. சரி, அதுங்கிட்ட போயி நிக்காதீங்க. கடைசி நேரத்துல சில எலிங்களுக்கு வெறி வந்துடும். பக்கத்துல இருக்கறதைக் கட்டிப் பிடிச்சிக் கடிக்கும்."

தேவநாதன் போனை வைத்துவிட்டு மூலையைப் பார்த்தான். மூலையில் சடையப்பன் இல்லை. அவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். மெதுவாக இரண்டு கைகளையும் நீட்டி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

தேவநாதன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பயப்படாதீங்க மாப்ள" என்று சடையப்பன் அவன் முதுகைத் தடவினார். "நான் இருக்கன். ஒண்ணும் ஆவாது. ஒண்ணும் ஆவ விட மாட்டன்."

அவர் கடிக்கவில்லை. ஆனாலும் தேவநாதன் அவர் கைக்குள்ளிருந்து நழுவி வெளியே வருவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. இனி ஒரே ஒரு வழிதான். உள்ளே போனது வெளியே வர வேண்டும். அரைச் சொம்பு வெந்நீரில் ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்தான்.

"மாமா, மூக்கைப் பிடிச்சிக்கினு ஒரே மூச்சா குடிச்சிடுங்க. வாந்தி வரும். வந்தா நல்லது."

"வாந்தியா?" சடையப்பன் யோசித்தார். "வந்தா எல்லாம் வெளிய வந்துடுமா?"

"அப்பிடியே வந்துடும்."

"அப்ப மொதல்ல நீங்க."

அழாத குறையாக தேவநாதன் சொம்பை வாயில் வைத்தான். இரண்டு மடக்கு தொண்டையில் இறங்கியதுதான் தாமதம், தோட்டத்துக்கு ஓடி வாழை மரத்தடியில் குனிந்துவிட்டான். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கரியும் தண்ணீருமாகக் குடல் புரண்டு வந்தது. பின்னாலேயே ஓடி வந்த சடையப்பன் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, முதுகில் தட்டித் தட்டிச் சொன்னார்:

"அப்பிடித்தான் மாப்ள! நல்லா எடுங்க! இன்னும் கொஞ்சம்! சபாஷ்! தில்லைக்காளி, தாயே, எல்லாத்தையும் கொண்டாந்துடு!"

தேவநாதன் நிமிர்ந்து பார்த்தான். மாமாவின் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. ஒரு மனுஷன் வாந்தி எடுப்பதைப் பார்த்து இன்னொரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்றால் அவர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டார். அட்டவணையில் எழுதத் தாளைத் தேடினான். கால் தடுமாறித் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். 'காரணமில்லாத சந்தோஷம்' என்று எழுத வந்தது, கோணல் மாணலாகக் கோடு கோடாகத்தான் விழுந்தது.

அப்போதுதான் சடையப்பன் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"மாப்ள, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

தேவநாதனுக்கு இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போனது. சடையப்பன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர். வயலில் பாம்பு கடித்தபோதுகூட, கடித்த பாம்பைப் பார்த்து வைத்திருக்கிறேன், அது விஷப் பாம்பு இல்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்தவர். மாத்திரையைக்கூட வினோதினி வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தால்தான் முழுங்குவார். அந்த மனுஷன் தானாக வாயைத் திறந்து ஆஸ்பத்திரி என்கிறார் என்றால் உள்ளுக்குள் என்ன பாடு படுகிறாரோ.

"போவலாம் மாமா. இப்பவே போவலாம்."

"நீங்களும் கண்டிப்பா உள்ள வரணும். வாசல்ல விட்டுட்டுப் போவக் கூடாது."

"விட்டுட்டு எங்க மாமா போவப் போறன்" என்று சொல்லிவிட்டு வாசல் கதவைப் பூட்டினான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமாவோடு அவன் பேசியது மொத்தமாக ஒரு நோட்டுப் புத்தகம் வராது. "வாங்க மாமா", "போயிட்டு வாங்க மாமா", நடுவில் மழை உண்டா இல்லையா என்று ஒரு கேள்வி. இவ்வளவு நல்ல மனுஷனை, தனக்குச் சமைத்துப் போட வந்தவரை, ஒரு லேபிள் ஒட்டப் பயந்து கொன்றுவிட்டோமே என்று நெஞ்சு பதறியது.

தெருவில் வந்த ஷேர் ஆட்டோவை நிறுத்தினான். ஓட்டுநர் சிலம்பரசன் இரண்டு கறுத்த வாய்களையும் பார்த்துவிட்டு, "யாருக்கு சார் முடியல?" என்றான்.

"அவருக்கு" என்றான் தேவநாதன்.

"அவருக்கு" என்றார் சடையப்பன்.

சிலம்பரசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினான். ஆட்டோவில் சடையப்பன் தேவநாதனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கெடிலம் பாலத்தில் ஏறும்போது செல்போன் அடித்தது. வினோதினி.

தேவநாதன் அடித்து ஓயட்டும் என்று விட்டான். ஓயவில்லை. எடுத்தான்.

"எங்க இருக்கீங்க? அப்பா எங்க?"

"இங்கதான் இருக்கார். ரெண்டு பேரும் சும்மா... காத்தாட வெளிய வந்தோம்."

"அப்பாவுக்கு என்னா ஆச்சி? காலையில எனக்கு போன் பண்ணாரு. 'என்னை மன்னிச்சிடும்மா, உனக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டன்'னாரு. அவ்வளோதான், அழுதுட்டு வச்சிட்டாரு. திருப்பிப் பண்ணா எடுக்கல. எனக்குக் கையி காலு ஓடல. பஸ்ஸு ஏறிட்டன். சொல்லுங்க, என்னா மறைக்கறீங்க?"

மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் பேசியதைக் கேட்டிருக்கிறார். தான் சாகப் போகிறோம் என்று தெரிந்தே, மாப்பிள்ளையைக் காட்டிக் கொடுக்காமல், மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். மகளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதைத்தான் துரோகம் என்று சொல்லியிருக்கிறார். தேவநாதன் போனை வைத்துவிட்டு அவர் தோளில் சாய்ந்து விசும்பினான். சடையப்பனும் அவன் தலையைத் தடவிக்கொண்டே விசும்பினார். முன்னால் சிலம்பரசன் சிவப்பு விளக்கைக்கூடப் பார்க்காமல் ஓட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தேவநாதனுக்குக் கால் பஞ்சாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "அவசரம்! விஷம்!" என்று கத்த நினைத்தான். காற்றுதான் வந்தது. ஆனாலும் விஷயம் புரிந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தேவநாதன் மாமாவைக் கை காட்டினான். சடையப்பன் திமிறினார்.

"என்னை ஏம்பா புடிக்கறீங்க? அவரை... ஏய், விடுங்கப்பா!"

"மூளைக்கு ஏறிடுச்சி, கெட்டியா புடிங்க" என்றான் தேவநாதன்.

எழுபது கிலோவையும் அலாக்காகத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டு, அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வெண்மதி என்று நெஞ்சில் பேர் குத்தியிருந்த நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்ன சாப்பிட்டார்? எப்ப சாப்பிட்டார்?"

தேவநாதனுக்கு வாய் குழறியது. மடித்து வைத்திருந்த அட்டவணையை அவளிடம் நீட்டினான். வெண்மதி பிரித்துப் படித்தாள். எலி எண் ஒன்று. பாலினம் ஆண். வால் பொருந்தாது. நடுக்கம். மூலையில் ஒதுங்குதல். எதிரில் இருப்பவரைப் போலவே செய்தல். ஒரு முறை படித்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

"சார், இது யாரு எழுதினது?"

தேவநாதன் தன்னைச் சுட்டிக் காட்டினான். விரல் மார்பைத் தொடாமல் வேறெங்கோ போனது. அவசரப் பிரிவின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. யாருடைய வழியிலும் நிற்க வேண்டாம் என்று அவன் மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலையில் போய் ஒண்டிக்கொண்டான். சாமி, மாமாவை மட்டும் காப்பாத்திடு, என் உயிரை வேணும்னா எடுத்துக்கோ என்று வேண்டிக்கொண்டான். மனப்பூர்வமாகத்தான் வேண்டினான்.

ஸ்ட்ரெச்சரில் சடையப்பன் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் குனிந்தாள். அவர் அவள் காதில் ஏதோ சொல்லத் தொடங்கினார். நடுநடுவே தேம்பினார், கையெடுத்துக் கும்பிட்டார். வெண்மதியின் முகம் மாறியது. மெதுவாக நிமிர்ந்து, மூலையில் நின்ற தேவநாதனைப் பார்த்தாள். நனைந்து ஒட்டிய சட்டையையும் உதறுகிற கையையும் பார்த்தாள். பிறகு வேகமாக நடந்து வந்து அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"தாத்தா, நீங்க எறங்குங்க. சார், நீங்க ஏறிப் படுங்க, ராத்திரி அந்தப் பச்சைத் தண்ணியில ரசம் வச்சி உங்களுக்கு மட்டும்தான் ஊத்தினாராம்!"